தீப்பெட்டி ஆபீஸில் வேலை போன தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் எழுதித் தந்த நான்கு பக்கக் கடிதமும், அதனுடன் வந்த பி.எஃப். பாஸ்புக் படமும் கிடைத்தன. பதினான்கு ஆண்டுகள் பெட்டி அடைத்த கைகளுக்கு ஒரு சனிக்கிழமை சம்பளத்தோடு “திங்கள்கிழமை வர வேண்டாம்” என்ற சொல்லும் சேர்ந்து வந்திருக்கிறது. என் தாயும் சாத்தூர்ப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர்தான். அந்த வீட்டில் அன்று இரவு என்ன பேசியிருப்பீர்கள் என்பது எனக்குப் புரிகிறது.

கடிதத்தின் ஓரத்தில் மகள் தனியாக ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: “வெளிநாட்டு லைட்டர் வந்ததால் வேலை போனவர்களுக்கு அரசு எதுவும் தராதா?” நல்ல கேள்வி. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு திட்டம் இருந்தது. 1962இல் கென்னடி காலத்துச் சட்டத்தில் தொடங்கியது. இறக்குமதியால் வேலை இழந்தோம் என்று மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தாலே போதும், தொழிலாளர் துறை விசாரிக்கும். உண்மை என்று சான்றளித்தால் புதுத் தொழில் பயிற்சிக்கான செலவும், பயிற்சிக் காலத்தில் வாராந்திர உதவித்தொகையும் கிடைக்கும். 2022 ஜூலையிலிருந்து அங்கும் புதிதாகச் சான்றளிப்பது நின்றுவிட்டது.

நம் நாட்டில் அப்படித் தனித் திட்டம் இல்லை. பத்து ரூபாய்க்கும் குறைவான ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு எழுதினார். 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது. இவை ஆலையைக் காப்பதற்கான நடவடிக்கைகள். ஏற்கெனவே வெளியே அனுப்பப்பட்ட பெண்ணின் கையில் இவற்றால் ஒரு ரூபாயும் வந்து சேராது. இதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

ஆனால், வேலை எதனால் போனாலும் உங்களுக்குச் சேர வேண்டிய பணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரி ஒன்று உண்டு: “கணக்கு முடிக்க ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.” அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளை வாசிக்கச் சொல்லுங்கள். “சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகுகிறேன்” என்று இருந்தால் கையெழுத்திடாதீர்கள். வெற்றுத் தாளாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. அந்த ஒரு வரி இருந்தால் ஆட்குறைப்பு என்பது ராஜினாமாவாக மாறிவிடும். இழப்பீடும் போகும், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு உதவியும் போகும். ஆட்குறைப்பு என்று எழுத்தில் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால், நடந்ததைத் தேதியோடு எழுதி ஆலைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 400 ரூபாய் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்குறைப்புக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு. ஆண்டுக்கு 6,000, பதினான்கு ஆண்டுக்கு 84,000. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் ஏறக்குறைய அதே அளவு, இன்னொரு 84,000. முன்னறிவிப்பு தராததால் ஒரு மாதச் சம்பளம் தனி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்புக்கு உள்ளானவரின் மறுபயிற்சிக்காக நிர்வாகம் 15 நாள் ஊதியம் செலுத்த வேண்டும் என்றும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்றும் இருக்கிறது. அது 6,000. “இருபதாயிரம் தருகிறோம், முடித்துக்கொள்” என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அவர்கள் அடுத்துச் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்: “நீ பதினான்கு வருஷம் வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம்?” உங்கள் பாஸ்புக்கில் பி.எஃப். எட்டு ஆண்டு மூன்று மாதத்துக்குத்தான் இருக்கிறது. முதல் ஆறு ஆண்டுகள் பதிவே இல்லை. இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஆகவே பீரோவையும் டிரங்குப் பெட்டியையும் கிளறுங்கள். பழைய அடையாள அட்டை, சனிக்கிழமை சம்பளக் கவர்கள், தீபாவளி போனஸ் சீட்டு, ஆலைப் பெயர் போட்ட எதுவானாலும் சரி. உங்களோடு சேர்ந்த நாலு பெண்களின் வாக்குமூலமும் உதவும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வழக்கறிஞர் வேண்டுமென்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள்.

பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துத் தருகிறேன் என்று புரோக்கர் யாரேனும் வீட்டு வாசலில் வந்து நிற்பார். பத்து ஆண்டு நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுக்கும் குறைவாகவே பாக்கி. ஓய்வூதியப் பங்கை எடுக்காதீர்கள். அதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். அடுத்து எந்த ஆலையில் சேர்ந்தாலும் இந்த எட்டு ஆண்டுகளும் அதனோடு சேரும்.

அடுத்தது இ.எஸ்.ஐ. சம்பளத்தில் பிடித்தது மருந்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆலை மூடல், ஆட்குறைப்பு இவற்றால் வேலை இழந்தவருக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டம் உண்டு. முதல் 12 மாதம் ஊதியத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலம் முழுவதும் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமும், புதுத் தொழில் பயிற்சிக்கான கட்டணமும் தருவார்கள். உங்கள் கணக்கில் முதல் ஆண்டு நாளுக்கு 200 ரூபாய். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று இன்னொன்றும் உண்டு. அது வாழ்நாளில் ஒரு முறை, 90 நாள் வரை பாதி ஊதியம். முதலில் பெரியதைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் இது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இனி மகள். நூற்பாலை ஏஜெண்ட் ஒருவர் விடுதியோடு வேலை என்று முன்பணம் நீட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளியில் கணிதத்தோடு அறிவியல் படித்து பிளஸ் டூவில் 412 மதிப்பெண் எடுத்த பெண்ணை அங்கே அனுப்பாதீர்கள். அந்த முன்பணத்தைவிட மேலே சொன்ன கணக்கு பெரியது.

அரசு பாலிடெக்னிக்கில் அவள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டில் டிப்ளமோ. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோவுக்கும் கிடைக்கும். பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டிலும் விண்ணப்பிக்கட்டும். இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். ஆனால் உங்கள் வீட்டு நிலைக்கு விரைவில் சம்பளம் தருவது டிப்ளமோ என்பது என் கருத்து. பாடம் எலெக்ட்ரிக்கல். தீப்பெட்டி நின்றால் தீப்பெட்டிக்காரருக்கு வேலை இல்லை. மோட்டாரும் பேனலும் பார்க்கத் தெரிந்தவருக்கு அச்சகத்திலும் வேலை உண்டு, நூற்பாலையிலும் உண்டு, காற்றாலையிலும் உண்டு. அந்த நூற்பாலைக்கே அவள் இரண்டு ஆண்டு கழித்துப் பராமரிப்புப் பிரிவுக்குப் போகலாம்.

உங்களுக்கு வயது 41 என்றால் உங்களுக்கும் வழி இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது உச்சவரம்பு கிடையாது. தையல் தெரியும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

திங்கள்கிழமை காலை முதலில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், இ.எஸ்.ஐ. அட்டை மூன்றுக்கும் இரண்டு நகல். மகளையும் கூட்டிச் செல்லுங்கள். படிவத்தை அவளே நிரப்பட்டும்.