கடைக்கார அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, மகள் ஏழாவது போகிறாள், மகன் மூன்றாவது. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். நோட்டு, பை, பென்சில் சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,000 ரூபாய்தான் எடுத்து வைக்க முடிந்தது. போன வருஷம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பொம்மை போட்ட பவுச் வேண்டும் என்று பையன் தரையில் உட்கார்ந்து அழ, கடைசியில் 5,600 ஆகிவிட்டது. இந்த வருஷம் பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடட்டுமா?
- ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: தங்கச்சி, முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூட வாசலில் 22 வருஷம் ஸ்டேஷனரி கடை வைத்திருந்தவள் நான். பொம்மை பவுச்சை உங்கள் கண் உயரத்தில் மாட்டவே மாட்டோம். மூன்றடியில், உங்கள் பையன் கண்ணுக்கு நேராகத்தான் தொங்கும். நோட்டில் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நிற்காது, எதிர்க்கடையிலும் அதே நோட்டு இருக்கும். வாசனை ரப்பர், மினுக்குப் பேனா, பவுச் இவற்றில்தான் கடை வாடகை வந்தது. அதனால் பையனைத் திட்டாதீர்கள். நான் என்ன நினைத்து மாட்டினேனோ, அதைத்தான் அவன் செய்தான்.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக வேண்டாம். இரண்டு தடவையாகப் போங்கள்.

அதற்கும் முன்னால் போன வருஷப் பைகளைத் தரையில் கொட்டச் சொல்லுங்கள். அவர்களே கொட்டட்டும், அவர்களே எண்ணட்டும். என் மகள் ஆறாவது முடித்த லீவில் இப்படிக் கொட்டியபோது பாதி தேய்ந்த பென்சில் 11, ஷார்ப்னர் 3, பாகைமானி இல்லாத ஜியாமெட்ரி பாக்ஸ் 2 கிடைத்தன. கடை வைத்திருந்தவள் வீட்டிலேயே இந்த லட்சணம்! எழுதாத தாள்களை நடுப் பின்னைக் கழற்றி ஜோடி ஜோடியாக உருவி அடுக்குங்கள். கோணி ஊசியால் மூன்று இடத்தில் தைத்தால் வருஷத்துக்கு ஆகும் ரஃப் நோட்டு.

முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். அம்பத்தூரிலிருந்து பீச் ரயில் பிடித்தால், இறங்கிப் பாரிமுனைக்கு நடந்துவிடலாம். ஆண்டர்சன் தெருவில் காகித, நோட்டு மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், வார நாளில் காலையிலேயே போங்கள். டஜன் கணக்கில் எடுத்தால்தான் விலை இறங்கும். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் டஜனைப் பிரித்துக்கொள்ளலாம். அட்டையில் போட்டிருக்கும் விலையையும் 'தள்ளுபடி'யையும் விட்டுவிட்டுப் பக்கக் கணக்கைப் பாருங்கள். குயர் என்றால் 24 தாள். மடித்தால் 48 ஏடு, 96 பக்கம். இரண்டு குயர் நோட்டில் 192 பக்கம் இருக்க வேண்டும். அதே தடிமனாகத் தெரியும் நோட்டில் 172 என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு.

லிஸ்ட்டில் இருப்பதில் பாதி மட்டும் வாங்குங்கள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒரு டீச்சர் லாங் சைஸ் கேட்பார், இன்னொருவர் கோடு போடாதது வேண்டும் என்பார். அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயரும் எழுதிய நோட்டைத் தூக்கிக்கொண்டு 'மாத்திக் குடுங்கக்கா' என்று வருஷா வருஷம் ஜூனில் யாராவது வந்து நிற்பார்கள். பெயர் எழுதியதை நான் யாருக்கு விற்பது? 700 ரூபாயாவது ஜூலைக்கு மிச்சம் வையுங்கள். அரசுப் பள்ளி என்றால் பாடப்புத்தகம், நோட்டு, பை எல்லாம் பள்ளியிலேயே தருவார்கள். வரட்டும், அப்புறம் குறைவதை வாங்கலாம்.

பையில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். தோள்பட்டை வார் பையோடு சேரும் இடத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள், பிய்வது அங்கேதான். ஜிப்பைப் பத்துத் தடவை ஓட்டுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். காலிப் பையைத் தூக்கியும் பாருங்கள். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி மூன்றாம் வகுப்புப் பிள்ளை சுமக்க வேண்டியதே மொத்தம் 1.7 முதல் 2.5 கிலோதான். காலிப் பையே ஒரு கிலோ இருந்தால் புத்தகத்தை எங்கே வைப்பது? பழைய பையில் ஜிப்பை இழுக்கும் ரன்னர் மட்டும் போயிருந்தால், பை தைப்பவரிடம் கொடுத்து அதை மட்டும் மாற்றுங்கள்.

மூன்றாவது படிக்கிறவனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் எதற்கு? ஸ்கேல் போதும். மகளுக்குக் கவராயத்தை விரித்துப் பிடித்து, திருகு நழுவுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாகைமானி மட்டும் தொலைந்திருந்தால் தனியாகவே கிடைக்கும்.

இரண்டாவது தடவை பிள்ளைகளோடு, வீட்டுப் பக்கத்துக் கடைக்கு. ஆளுக்கு 150 ரூபாய் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது, உங்கள் யோசனையும் கிடையாது. யோசனை சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். என் மகள் முதல் வருஷம் மொத்தக் காசையும் லைட் எரியும் பேனாவில் போட்டாள். ஒரு வாரத்தில் லைட்டும் போச்சு, பேனாவும் போச்சு. நான் வாயே திறக்கவில்லை. அடுத்த வருஷம் அலமாரி முன்னால் முக்கால் மணி நேரம் நின்று, விரல் விட்டுக் கூட்டி, என்னிடமே பேரம் பேசி வாங்கிவிட்டு 12 ரூபாய் மிச்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பவுச்சுக்கே 150-உம் போகிறது என்று பையன் முடிவு செய்தால், போகட்டும்.

கேள்வி: அக்கா, எங்கள் ஊர்க் கடையில் நோட்டுக்கும் பென்சிலுக்கும் 12 சதவீதம் வரி போட்டு பில் கொடுத்தார்கள். சரிதானா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சரியில்லை தம்பி. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான் எதற்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. ஜியாமெட்ரி பாக்ஸுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். பில்லை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடாமல் கேளுங்கள். சில கடைகளில் பில் மெஷினில் பழைய வரியை மாற்றாமலே விட்டிருப்பார்கள். 'பழைய சரக்கு' என்று சொன்னாலும், வரி என்பது கடைக்காரர் சரக்கு வாங்கிய நாளைப் பொறுத்தது இல்லை, உங்களுக்கு விற்ற நாளைப் பொறுத்தது.

கேள்வி: பரீட்சை அட்டை வருஷத்துக்கு ஒன்று உடைகிறதே அக்கா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தினசரி காலண்டர் தேதி கிழித்து முடிந்ததும் அந்த அட்டையை என்ன செய்கிறீர்கள்? கிளிப் ஒன்று வாங்கி மாட்டுங்கள். முருகன் படம் உள்பக்கம் இருக்கட்டும் என்று என் மகள் சொல்வாள், பரீட்சைக்குத் துணையாம்.