ஃபர்ம்வேர் பேக்கேஜை நீக்கினால் வைஃபை சிப் கெட்டுப்போகுமா?

கேள்வி: டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டதும் மடிக்கணினியில் வைஃபை வரவில்லை. கண்ணில் பட்ட ஃபர்ம்வேர் பேக்கேஜை எல்லாம் நிறுவினேன், வந்துவிட்டது. எது வேலை செய்தது என்று தெரியவில்லை. மற்றதை நீக்கலாமா? வன்பொருள் பழுதாகுமா?

பதில்: பழுதாகாது. ஃபர்ம்வேர் என்பது சிப் இயங்கத் தேவையான சிறு மென்பொருள். இந்த பேக்கேஜ்கள் செய்வதெல்லாம் லிப் அடைவுக்குள் உள்ள ஃபர்ம்வேர் அடைவில் சில கோப்புகளைப் போட்டு வைப்பதுதான். கணினி கிளம்பும்போது டிரைவர் அதில் தனக்கு வேண்டியதை எடுத்து சிப்பின் நினைவகத்தில் ஏற்றும். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். மறுமுறை மறுபடி ஏற்றும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தவறான பேக்கேஜை நீக்கினாலும் வைஃபை அப்போதைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்தால் இணைப்பு இருக்காது. திரும்ப நிறுவ இணையமும் இருக்காது. அதனால் நீக்கியதும் உடனே ரீபூட் செய்து பாருங்கள். அதற்கும் முன்னால், 'ஆப்ட் டவுன்லோட்' கட்டளை கொடுத்து அந்த பேக்கேஜின் டெப் கோப்பைப் (நிறுவும் கோப்பு) பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்தும் சமாளிக்கலாம்.

எது உங்கள் சிப்புக்கு உரியது என்று டிமெசேஜ் (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) சொல்லும். டெபியனில் முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டுவது) போட்டால்தான் அது வாய் திறக்கும். வெளியீட்டை 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லுக்கு க்ரெப் செய்யுங்கள், அதாவது அந்தச் சொல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். இன்டெல் சிப் என்றால் 'ஐடபிள்யூஎல்வைஃபை' என்று தொடங்கி 'லோடெட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று ஒரு வரி வரும். அது வந்தால் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை பேக்கேஜைத் தொடாதீர்கள். பக்கத்திலேயே 'ஃபெயில்ட் டு லோட்', மைனஸ் 2 என்று சில வரிகள் பயமுறுத்தும். மைனஸ் 2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள், அவ்வளவுதான். இன்டெல் டிரைவர் புதிய பதிப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். ஒன்று கிடைத்துவிட்டால் மேலே தவறியவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். 'யோயோ' என்று பெயரில் வரும் கோப்பு வெறும் டீபக் (பிழை தேடும்) சமாசாரம். அதைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம்.

நீக்கும்போது 'ஆப்ட் ரிமூவ்' காட்டும் பட்டியலைப் படித்துவிட்டு 'ஒய்' அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேரில் மட்டும் கை வைக்க நான் யோசிப்பேன். ஏஎம்டி கார்டுக்கு அது இல்லாவிட்டால் திரையே கறுத்துப்போகலாம். இடம் மிச்சமாகும் என்பதைத் தவிர வேறு லாபமும் இல்லை. கோப்பைக் கையால் நகலெடுத்துப் போட்டவர்கள் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை (கணினி கிளம்பும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பைப் புதுப்பிப்பது) மைனஸ் யூ சேர்த்துத் தாங்களே ஓட்ட வேண்டும். பேக்கேஜ் வழியாகப் போனால் அது தானே நடக்கும்.

பேக்கேஜே கிடைக்கவில்லை என்பவர்களுக்கு: 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இவை 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவில் இருக்கின்றன. சோர்சஸ் லிஸ்டில் (ஆப்ட் எங்கிருந்து பேக்கேஜ் எடுக்க வேண்டும் என்ற பட்டியல்) பழைய 'நான்-ஃப்ரீ' மட்டும் இருந்தால் போதாது.

ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் எஃப்டபிள்யூயுபிடி என்ற கருவி வேறு சங்கதி. அது பயாஸ், எஸ்எஸ்டி போன்றவற்றுக்குள்ளேயே நிரந்தரமாக எழுதிவிடும். அந்த பேக்கேஜை நீக்கினாலும் எழுதியது எழுதியதுதான்.