வேறு புராசஸருக்கு ஓஎஸ் பில்டு செய்வது: கேள்வி பதில்

கிராஸ் கம்பைல் என்றால் ஒரு வகைப் புராசஸர் உள்ள கணினியில் (பல லேப்டாப்புகளில் இருக்கும் எக்ஸ்86) உட்கார்ந்து, வேறு வகைப் புராசஸருக்கு (ஃபோன், சிறு போர்டுகளில் இருக்கும் ஆர்ம்) நிரல் உருவாக்குவது. அது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஆர்ம் போர்டிலேயே கம்பைலர் (குறிமுறையை ஓடும் நிரலாக மாற்றும் மென்பொருள்) ஓடுமே, பிறகு எதற்கு எக்ஸ்86 கணினியில் பில்டு செய்யவேண்டும்?

ஓடும்தான். ஆனால் 512 எம்பி ராம் உள்ள போர்டில் பெரிய நிரலை லிங்க் செய்து (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைத்து) பாருங்கள், புரியும். தவிர, புதிதாக வந்த புராசஸரில் கம்பைலர் ஓட ஓர் ஓஎஸ் வேண்டும். அந்த ஓஎஸ்ஸைத்தானே நாம் இனிமேல் பில்டு செய்யப்போகிறோம்!

கேள்வி: பில்டு, ஹோஸ்ட், டார்கெட். எத்தனை முறை படித்தாலும் குழம்புகிறது.

பில்டு என்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினி. ஹோஸ்ட், உருவாகும் நிரல் ஓடப்போகும் கணினி. உருவாகும் நிரலே ஒரு கம்பைலராக இருந்தால் மட்டும் டார்கெட் என்ற கேள்வி வரும்: அது எந்தப் புராசஸருக்குக் குறிமுறை எழுதித் தரும்? சாதாரண நிரலுக்கு டார்கெட்டை மறந்துவிடலாம்.

கேள்வி: நண்பர் தன் ஆர்ம் போர்டில் பில்டு செய்த லினக்ஸ் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ஃபோல்டரை என் லேப்டாப்புக்கு காப்பி செய்தேன். கிராஸ் கம்பைலர் சரியாக இருந்தும் தொடக்கத்திலேயே ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’.

கம்பைலர் மேல் பழி போடாதீர்கள். ‘இந்த நிரல் இந்தக் கணினியில் ஓடும் வடிவில் இல்லை’ என்பதுதான் அந்தப் பிழை. கர்னல் பில்டு நடக்கும்போதே ஃபிக்ஸ்டெப், மோட்போஸ்ட் போன்ற குட்டி நிரல்கள் உங்கள் லேப்டாப்பில் ஓடவேண்டும். நண்பர் போர்டில் உருவான ஃபிக்ஸ்டெப் அந்த ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது. பில்டு அதை எடுத்து ஓட்டப் பார்க்கிறது. ‘ஃபைல்’ கட்டளையை அதன் மேல் ஓட்டினால் ஆர்ம் என்று வரும். எல்ஃப் கோப்பின் (லினக்ஸில் ஓடும் நிரல்களின் கோப்பு வடிவம்) தொடக்கத்திலிருந்து 18 பைட் தள்ளிப் பார்த்தாலும் தெரியும்: 62 என்றால் எக்ஸ்86-64, 183 என்றால் 64 பிட் ஆர்ம், 243 என்றால் ரிஸ்க்-வி. ‘மேக் எம்ஆர்புராப்பர்’ ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். அது உள்ளமைவுக் கோப்பையும் அழித்துவிடும், முதலில் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஒரு பழைய லைப்ரரி ‘ஆர்பிஎல்_மாலாக் இல்லை’ என்று லிங்க்கில் நிற்கிறது. அப்படி ஒன்றை நான் எழுதவே இல்லையே?

நீங்கள் எழுதவில்லை, கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் (பில்டுக்கு முன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிப்பது) கிளப்பிவிட்டது. பூஜ்ய அளவு கேட்டால் மாலாக் (நினைவகம் ஒதுக்கித் தரும் சி செயற்கூறு) என்ன தரும் என்று அது ஒரு சின்ன நிரலை ஓட்டிப் பார்க்கும். கிராஸ் பில்டில் ஓட்ட வழியில்லை. பழைய ஆட்டோகான்ஃப் (கான்ஃபிகர் ஸ்கிரிப்டை எழுதித் தரும் கருவி) செய்த ஸ்கிரிப்ட் உடனே ‘சரிப்படாது’ என்று முடிவு கட்டி, ஆர்பிஎல்_மாலாக் என்ற மாற்று மாலாக்கைத் தேடும். அந்தக் கேள்விக்குரிய கேஷ் மாறியில் (ஸ்கிரிப்ட் தன் விடையைச் சேமிக்கும் இடம்) ‘யெஸ்’ என்று முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், ஸ்கிரிப்ட் கேட்காது. இந்த வேலையில் என் பாதி நேரம் இதில்தான் போகிறது: பில்டு எந்த இடத்தில் தான் ஓடும் கணினியையே உரசிப் பார்த்து விடை எடுக்கிறது என்று தேடுவதில்.

கேள்வி: பிழையில்லாமல் பில்டு ஆகிறது. ஆனால் எக்ஸ்86-இல் முடியும் லூப் ஆர்மில் முடிவதே இல்லை.

கெட்சார் (ஓர் எழுத்தைப் படித்துத் தரும் சி செயற்கூறு) தரும் மதிப்பை ‘சார்’ மாறியில் போட்டிருப்பீர்கள். (மரியாதைச் சார் இல்லை, சி மொழியின் சார்.) எக்ஸ்86 லினக்ஸில் அதற்குக் குறி உண்டு, அதாவது -1 போன்ற எண்களையும் வைக்கலாம்; ஆர்ம் லினக்ஸில் இல்லை. கோப்பு முடிந்ததைச் சொல்லும் -1 அங்கே 255 ஆகிவிடும், -1-க்குச் சமமாகவே ஆகாது. மாறியை ‘இன்ட்’ ஆக்குங்கள். எக்ஸ்86-இலும் அது தப்புதான். 255 என்ற பைட் வந்தால் லூப் பாதியிலேயே நின்றிருக்கும்.

கேள்வி: நெட்பிஎஸ்டி என்ற ஓஎஸ் முழுவதையும் ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் பில்டு செய்யலாமாமே?

ஆமாம். அதன் பில்டு ஸ்கிரிப்ட் முதலில் தனக்கு வேண்டிய கம்பைலரைத் தானே செய்துகொள்ளும், அப்புறம்தான் ஓஎஸ். கோப்பின் உரிமையாளர், அனுமதிகள் எல்லாவற்றையும் மெட்டாலாக் என்ற பட்டியலில் குறித்து வைத்து, கடைசியில் இமேஜ் உருவாக்கும்போது பயன்படுத்தும். கிராஸ் பில்டு கற்க நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

கேள்வி: போர்டு கைக்கு வரவில்லை. கியூஎமுவில் (வேறு புராசஸரைப் போல நடிக்கும் மென்பொருள்) சோதித்தால் போதுமா?

பூட் ஆகிறதா என்று பார்க்கப் போதும். பல கோர்கள் (ஒரே புராசஸருக்குள் இருக்கும் தனித்தனி செயலகங்கள்) ஒரே நினைவகத்தைத் தொடும் குறிமுறைக்குப் போதாது. எக்ஸ்86 தன் நினைவக எழுத்துகளைப் பெரும்பாலும் வரிசை குலைக்காமல் மற்ற கோர்களுக்குக் காட்டும். ஆர்ம் அப்படி இல்லை. எக்ஸ்86 மேல் ஓடும் கியூஎமுவில் அந்தப் பிழை ஒளிந்தே கிடக்கலாம். அதற்கு போர்டு வரும்வரை காத்திருங்கள்.