புதிதாகக் கட்டிய பழைய அம்பாசடர் இன்ஜினில் ஆயில் கசிகிறது. எங்கிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜினை மறுபடி இறக்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

உங்களுடையதும் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் என்று எடுத்துக்கொள்கிறேன். டீசல் வண்டிக்கு இது பொருந்தாது. நான் மெக்கானிக் இல்லை, வேலூர் சத்துவாச்சாரியில் அப்பாவின் மார்க் டூ அம்பாசடரை வைத்துப் பராமரிப்பவன், அவ்வளவுதான்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் போட்டு இன்ஜினைக் கட்டினோம். மூன்றாம் நாளே பெல் ஹவுசிங்குக்கு (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். வேலை செய்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பின் ஆயில் சீல் போயிடுச்சு சார், இறக்கணும்" என்றார். இறக்கினோம். இரண்டு வாரமும் கூலியும் போனதுதான் மிச்சம், கசிவு அப்படியே இருந்தது. இந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) பின் முனையில் ரப்பர் சீலே கிடையாது என்பது எனக்கு அதற்கு அப்புறம்தான் தெரியும். ஷாஃப்டில் திருகு மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். சுற்றும்போது அதுவே ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு வழி காட்டியவரும் ஒரு மெக்கானிக்தான். மேல்விஷாரத்தில் வயதான பாய் ஒருவர். வண்டிக்கு அடியில் அவர் குனியவே இல்லை. "தம்பி, எண்ணெய் மேல இருந்துதான் கீழ வரும். ஓடுற வண்டியில காத்து அதைப் பின்னால தள்ளும். ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு தேடு" என்றார்.

அவர் சொன்னபடி இன்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தேன். ஒரு பகல் காயவிட்டு, சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் முகப்பவுடர் தூவினேன். ஆற்காடு வரை சுமார் 20 கிலோமீட்டர் ஓட்டி, பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஓரம்கட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். மே மாத வெயிலில் ஆயில் தண்ணீராய் இளகியிருந்ததால் தடம் பளிச்சென்று தெரிந்தது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் ஓரம் வெள்ளையாகவே இருந்தது. இடது பக்கம், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, பவுடரில் விரலால் கோடு இழுத்த மாதிரி ஒரு பழுப்புத் தடம். அது பிளாக்கை ஒட்டியே பின்னால் ஓடி பெல் ஹவுசிங்கில் இறங்கியிருந்தது.

அந்த இடத்தில் இரண்டு தகர மூடிகள் இருக்கும். மேலே இருக்கும் ராக்கர் கவர் அல்ல, பிளாக்கின் பக்கவாட்டில், வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகளை மறைக்கும் டேப்பெட் மூடிகள். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கும். அதைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் தகரம் நடுவில் குழிந்து, ஓரம் தூக்கிக்கொள்ளும். என்னுடையதைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்தேன், ஊஞ்சல் மாதிரி ஆடியது. கார்க் பேக்கிங் ஒரு பக்கம் நசுங்கிப் பிதுங்கி, மறுபக்கம் புதுசாகவே இருந்தது. மரச்சுத்தியால் தட்டிச் சமமாக்கி, புது கார்க் வைத்து, அளவாக மட்டும் முறுக்கினேன். கசிவு நின்றது.

     

சரி, உங்கள் கசிவுக்கு வருகிறேன். பவுடர் வைத்தும் ஒரே இடம் என்று தெரியாமல் எல்லா மூட்டிலும் கசிந்தால் பேக்கிங்கைச் சந்தேகிக்காதீர்கள், இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த சந்தில் எல்லாம் ஆயிலை வெளியே தள்ளும், பின்பக்கத் திருகுப் பள்ளம் உட்பட. புது ரிங் இன்னும் படியாமல் இருந்தாலும் இதே கதைதான். ரிங் படியச் சில நூறு கிலோமீட்டராவது ஓட வேண்டும். பெல் ஹவுசிங்கில் சொட்டுவதை விரலில் தொட்டு மோந்தும் பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில், இன்ஜினைத் தொடவே வேண்டாம்.