இறுக்கிப் பிடித்தால் ஆபத்து

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், திசுப் பொருத்த ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர்.)

கேள்வி: நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கிறேன். ஆன்டிபாடியும் கிருமியும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தும் என்கிறது எங்கள் பாடநூல். டி செல்லும் அப்படித்தானா? வைரஸ் செல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டால், வெளியே நிற்கும் டி செல்லுக்கு அது எப்படித் தெரியும்?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் அம்மா. அதற்கு விடை தெரிந்துவிட்டால் முதலாவது தானாக ஆட்டம் காணும்.

டி செல் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை) வைரஸைப் பார்ப்பதே இல்லை. செல் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பார்க்கிறது. உடம்பிலுள்ள அநேகமாக எல்லாச் செல்களும் தாங்கள் உள்ளே தயாரிக்கும் புரதங்களில் ஒரு பங்கை நறுக்கி, சில துண்டுகளை மேற்பரப்பில் கொண்டுவந்து வைக்கின்றன. நோய் வந்த பிறகு தொடங்குகிற வேலை இல்லை இது. நீங்கள் நன்றாக இருக்கும்போதும் ஓயாமல் நடக்கிறது. நறுக்குவது புரோட்டியசோம் என்ற புரத வெட்டி. நறுக்கிய துண்டுகளை, அதாவது பெப்டைடுகளை, செல்லின் உள்ளறையான எண்டோபிளாச வலைக்குள் தள்ளிவிட டேப் என்றொரு புரதம் இருக்கிறது. அங்கே, துண்டைத் தாங்கி மேற்பரப்பில் காட்டும் எம்.எச்.சி. முதல் வகுப்பு மூலக்கூறு வெறுமையாகக் காத்திருக்கும். மனிதர்களிடம் அதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அதன் தலைப்பகுதியில் ஒரு பள்ளம் உண்டு. எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுதான் அதில் படியும், பெரும்பாலும் ஒன்பது. படிந்தால் இரண்டும் சேர்ந்து மேற்பரப்புக்குப் போகும். பொருத்தமான துண்டு கிடைக்காத மூலக்கூறு நெடுநேரம் நிலைக்காது, சிதைந்துவிடும்.

இப்போது ஒரு நிஜத் துண்டைப் பார்ப்போம். ஃப்ளூ வைரஸின் எம்1 புரதத்திலிருந்து வருவது: கிளைசின், ஐசோலூசின், லூசின், கிளைசின், பினைல்அலனின், வேலின், பினைல்அலனின், த்ரியோனின், லூசின். எச்.எல்.ஏ.-ஏ2 என்ற எச்.எல்.ஏ. வகை உள்ளவர்களின் செல்கள் காட்டும் துண்டு இது. இரண்டாவதாக உள்ள ஐசோலூசினும் கடைசி லூசினும் பள்ளத்தின் அடியிலுள்ள குழிகளில் அமுங்கிவிடும். அவை நங்கூரம். நடுவில் உள்ளவற்றில் சிலதான் மேல்நோக்கி நின்று, டி செல்லின் மேலிருந்து துண்டைத் தொட்டறியும் புரதமான ஏற்பியின் கண்ணில் படும். இந்தத் துண்டில் அதுகூட அதிகம் துருத்தவில்லை, சப்பையாகவே படுத்திருக்கிறது. அதனாலோ என்னவோ, ஒருவருக்கொருவர் உறவே இல்லாத பலரின் டி செல்கள் இதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான ஏற்பியைத்தான் பயன்படுத்துகின்றன. அந்த ஏற்பியிலுள்ள ஓர் ஆர்ஜினின், பெப்டைடுக்கும் எச்.எல்.ஏ. சுவருக்கும் இடையே உள்ள சின்ன இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதெல்லாம் உடனே தெரியவந்ததல்ல. 1986-ல் ஆலன் டவுன்சென்ட் குழு, ஃப்ளூ வைரஸின் நியூக்ளியோ புரதத்திலிருந்து சிறுசிறு பெப்டைடுகளைச் செயற்கையாகச் செய்து, தொற்றே இல்லாத செல்களோடு கலந்து வைத்தது. கொல்லி டி செல்கள் அந்தச் செல்களைக் கொன்றன. வைரஸ் இல்லை, முழுப் புரதமும் இல்லை. துண்டு மட்டுமே போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு பமீலா பியோர்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ராமிஞ்சர் குழு எச்.எல்.ஏ.-ஏ2 மூலக்கூறின் படிக அமைப்பை வெளியிட்டது. பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. அதற்குள், அவர்கள் வைக்காத ஏதோ ஒன்றும் தெரிந்தது! செல் தானே ஏற்றிவிட்டிருந்த பெப்டைடுகளின் கலவைதான் அது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த படம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. 1974-ல் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் கான்பெராவில் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். வைரஸ் தாக்கிய எலியின் கொல்லி டி செல்கள், அதே எம்.எச்.சி. உள்ள எலியின் நோயுற்ற செல்களைக் கொன்றன. வேறு எம்.எச்.சி. உள்ள எலியின் செல்களில் அதே வைரஸ் இருந்தும் சீண்டவில்லை. அதாவது டி செல் பெப்டைடைத் தனியாகப் படிப்பதில்லை, ‘நம்முடையது’ என்ற அடையாளத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே பரப்பாகத் தடவிப் பார்க்கிறது. இருவருக்கும் 1996-ல் நோபல் கிடைத்தது. அதோடு, அந்தப் பிடிமானம் மிகத் தளர்வானது. நல்ல ஆன்டிபாடி பிடித்தால் மணிக்கணக்கில் விடாது. டி செல் ஏற்பி சில விநாடிகளில் நழுவிவிடும். பூட்டு சாவியை ஆன்டிபாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டி செல்லுக்கு அந்த உவமை உதவாது. தேர்வில் எழுதியே தீர வேண்டுமென்றால் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் நான். அமினோ அமிலங்கள் இருபது, இடங்கள் ஒன்பது. இருபதின் ஒன்பதாம் அடுக்கு 51,200 கோடி. இத்தனைக்கும் தனித்தனி டி செல் வைத்திருக்க உடம்பில் இடம் ஏது?

பதில்: இடம் இல்லை ஐயா. கணக்கு உங்கள் பக்கம்தான். ஒரு பெரியவரின் உடம்பில் உள்ள டி செல்கள் அத்தனையும் சேர்த்தே ஏறக்குறைய 40,000 கோடி. அவற்றிலும் ஒரே ஏற்பி கொண்டவை கூட்டம் கூட்டமாக உண்டு.

முதலில் உங்கள் எண்ணைக் கொஞ்சம் குறைப்போம். நங்கூர இடங்களில் எதை வேண்டுமானாலும் வைக்க முடியாது. ஹான்ஸ்-ஜார்ஜ் ராமன்சீ குழு 1991-ல் செல்களிலிருந்து பெப்டைடுகளைக் கழற்றி எடுத்துப் படித்தபோது தெரிந்தது இது: எச்.எல்.ஏ.-ஏ2 பள்ளம் இரண்டாம் இடத்தில் லூசின், மெத்தியோனின் போன்றவற்றையும், ஒன்பதாம் இடத்தில் வேலின், லூசின் போன்றவற்றையும் விரும்புகிறது. இரண்டு இடங்களிலும் தலா இரண்டு என்று கண்டிப்பாக வைத்தால் நானூற்றில் நான்கு பங்கு, அதாவது 512 கோடி. இன்னும் பெரிய எண்தான்.

மிச்சத்தைச் சமாளிப்பது ஏற்பியின் தாராளம். ஓர் ஏற்பி ஒரு பெப்டைடுக்கு மட்டும் என்றால் உடம்பு தாங்காது. ஒவ்வொன்றும் பத்து லட்சம் பெப்டைடுகள் அளவுக்காவது ஏற்றாக வேண்டும் என்று டான் மேசன் 1998-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். நீங்கள் போட்ட அதே வகைக் கணக்குதான். 2012-ல் ஒரு நீரிழிவு நோயாளியிடமிருந்து பெற்ற ஒரே டி செல் வகையைச் சோதித்தபோது, அது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகளுக்கு எதிர்வினை காட்டக்கூடியது என்று வெளிவந்தது. காகிதத்தில் போட்ட கணக்கு பரிசோதனையிலும் நின்றது.

கேள்வி: மருந்தாளுநராக இருக்கிறேன். புற்றுநோய்க்கு டி செல்லின் ஏற்பியையே மாற்றியமைத்து நோயாளிக்குச் செலுத்துகிறார்களே, அந்த ஏற்பியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்படி செய்தால் சிகிச்சை இன்னும் வலுவாகுமே? ஏன் தயங்குகிறார்கள்?

பதில்: செய்து பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் தயக்கம்.

மேஜ்-ஏ3 என்பது பல புற்றுக்கட்டிகளில் காணப்படும் புரதம். இதயத்தில் அது கிடையாது. எச்.எல்.ஏ.-ஏ1 காட்டும் அதன் துண்டைக் குறிவைத்து, பிடிமானத்தைக் கூட்டிய ஏற்பி ஒன்றை உருவாக்கி இரண்டு நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். இருவருமே சில நாட்களுக்குள் இதயம் செயலிழந்து இறந்தார்கள். 2013-ல் முழு விவரம் வெளியானது. இதயத் தசையில் உள்ள டைட்டின் என்ற ராட்சதப் புரதத்தில் ஒரு துண்டு. குளூட்டமிக் அமிலம், செரின், அஸ்பார்ட்டிக் அமிலம், புரோலின், ஐசோலூசின், வேலின், அலனின், குளூட்டமின், டைரோசின். மேஜ் துண்டோடு ஒப்பிட்டால் ஒன்பதில் ஐந்து இடம் அச்சு அசல், நான்கு வேறு. நான்கு வேறாக இருந்தும் அந்த ஏற்பி ஏமாந்துவிட்டது. முன்கூட்டிச் சோதிக்காமலும் இல்லை. வழக்கமாக வளர்க்கும் இதயச் செல்களில் டைட்டின் போதிய அளவு உருவாகாததால் ஒன்றும் தெரியவில்லை. குருத்தணுவிலிருந்து வளர்த்த, துடிக்கும் இதயச் செல்களை வைத்துச் சோதித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இயற்கையாக உருவாகும் ஏற்பிகள், டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில் வடிகட்டப்படுகின்றன. நம் எம்.எச்.சி.-யை அறவே உணராத இளம் டி செல் அங்கே சாகும். நம் சொந்தப் பெப்டைடை அழுத்தமாகப் பிடிப்பதும் சாகும். பெரும்பான்மை அங்கேயே முடிந்துவிடுகிறது. மற்ற உறுப்புகளின் புரதங்கள் தைமஸுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஏர் என்ற மரபணு, இன்சுலின் உட்பட எத்தனையோ உறுப்புகளின் புரதங்களைத் தைமஸ் செல்களிலேயே கொஞ்சம் கொஞ்சம் தயாரிக்க வைக்கிறது. ஆய்வகத்தில் திருத்திய ஏற்பி இந்தத் தேர்வை எழுதவே இல்லை. நேராக ரத்தத்துக்குப் போய்விட்டது.

ஆனால் தளர்வாகப் பிடித்தே டி செல் எப்படிப் பிழையில்லாமல் முடிவெடுக்கிறது? இங்கே எடை போடப்படுவது நேரம். ஏற்பி தொட்டதும் உள்ளே ‘லக்’ என்ற நொதி, ஏற்பியோடு இணைந்த சி.டி.3 வால்களில் ஒவ்வொன்றாகப் பாஸ்பேட் ஏற்றத் தொடங்கும். பிறகு ‘ஜேப்-70’ வந்து சேர வேண்டும், இன்னும் சில படிகள் தாண்ட வேண்டும். பாதியில் நழுவினால் எல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். சரியான துண்டு சில விநாடி தாக்குப் பிடிக்கும், சற்று மாறினது அதற்குள் விழுந்துவிடும். அந்தச் சிறு இடைவெளியில்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது. செல் மேல் லட்சத்தை ஒட்டி எம்.எச்.சி. மூலக்கூறுகள் இருக்க, அவற்றில் மூன்றே மூன்று அந்நியத் துண்டைத் தாங்கினாலும் கொல்லி டி செல் வேலையை முடித்துவிடும் என்று மார்க் டேவிஸ் ஆய்வகம் அளந்து காட்டியது. பிடியை மிகவும் இறுக்கினால் தவறான துண்டும் நேரத் தேர்வில் தேறிவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நீங்களே கடிதம் போட்டுப் பிடித்துவிடுவீர்கள்: டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்து. கண்ணில் தோன்றும் ஒருவகை மெலனோமாவுக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் இருப்பது மிக மிக இறுக்கமாகப் பிடிக்கும் ஏற்பிதான், ஆனால் செல்லிலிருந்து பிரித்தெடுத்த கரையும் வடிவில். குறிவைத்த துண்டு வேறெங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் இறுக்கமும் பயன்படும். தோலின் நிறமிச் செல்களிலும் அதே துண்டு இருப்பதால் தடிப்பு வருகிறது, அது எதிர்பார்த்ததே.

கேள்வி: தங்கைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று வேண்டும் என்கிறார்கள். எங்கள் இருவரின் ரத்த வகை வேறு. நான் கொடுக்க முடியாதா?

பதில்: ரத்த வகை வேறாக இருப்பதாலேயே மனம் தளர வேண்டாம். மஜ்ஜைக்கு முதலில் பார்ப்பது எச்.எல்.ஏ. இந்த மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி என்று பெரும்பாலும் மொத்தமாக வரும். உங்கள் இருவருக்கும் முழுப் பொருத்தம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, பாதிப் பொருத்தம் இருக்க இரண்டில் ஒன்று. பாதிப் பொருத்தத்திலும் இப்போது மாற்று செய்கிறார்கள். உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள். ஆய்வகத்துக்கு வந்த அண்ணன் தம்பிகள் முகம் ஒன்றுபோல இருப்பதைக் காட்டி ‘கண்டிப்பாகப் பொருந்தும்’ என்பார்கள். முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: துண்டைக் காட்டினால்தானே மாட்டிக்கொள்ளும்? வைரஸ் அதைத் தடுத்துவிடாதா?

பதில்: தடுக்கிறது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் ஒரு சிறு புரதம் டேப் வழியை அடைத்துவிடும். சைட்டோமெகலோ வைரஸ், புதிதாகச் செய்த எம்.எச்.சி.-யையே வெளியே இழுத்துப் போட்டு அழிக்கும். ஆனால் மேற்பரப்பில் எம்.எச்.சி. குறைந்தால் என்.கே. செல்கள் என்ற வேறு வகைக் கொல்லி வெள்ளணுக்களுக்குச் சந்தேகம் வரும். இருக்க வேண்டியது இல்லாததே அவற்றுக்குக் குற்றம். அதற்கும் சைட்டோமெகலோ வைரஸ் போலி எம்.எச்.சி. ஒன்றை வைத்திருக்கிறது!

கேள்வி: எல்லாச் செல்லும் காட்டுமா?

பதில்: முதிர்ந்த சிவப்பணு காட்டாது. உட்கருவும் இல்லை, புதிதாகப் புரதம் செய்யும் ஏற்பாடும் இல்லை. மலேரியாக் கிருமி அதற்குள் குடியிருக்கும்போது கொல்லி டி செல்லின் கண்ணில் படாமல் தப்புவது அதனால்தான். அதற்கு முன்பு கல்லீரல் செல்லில் தங்கும் சில நாட்களில் மட்டும் மாட்டக்கூடும்.