௧ தேடினால் பாதி வரிசை வராதது ஏன்?
வணக்கம்ணா. பினாங்குத் தைப்பூச அன்னதானப் பட்டியலில் தமிழ் எண் ௧ (ஒன்று) என்று தேடினால் பாதி வரிசைதான் வருகிறது என்றீர்களே, கணினி மேல் பிழையில்லை. யாரோ எண்ணுக்குப் பதில் க எழுத்தைத் தட்டியிருக்கிறார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் தரும் யூனிகோடில் எண் ௧ 3047, எழுத்து க 2965. கணினி வடிவத்தைப் பார்ப்பதே இல்லை, இந்த இலக்கத்தைத்தான் பார்க்கும். சாதாரண 1 வேறு ஆள், அது 49.

சந்தேகமான கட்டத்துக்கு எக்செல்லில் யூனிகோட் ஃபார்முலா போடுங்கள். 2965 வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உ, எ, அ மூன்றும் இப்படித்தான் ௨, ௭, ௮ வேடம் போடும். மொத்தமாக ரீப்ளேஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கந்தசாமி ௧ந்தசாமி ஆகிவிடுவார்! எண் உள்ள நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். ரிங்கிட் தொகைக்குப் பேசாமல் 1, 2 என்றே அடியுங்கள். ஒரு க கலந்தாலும் அந்தக் கட்டம் கூட்டலில் சேராது.