ஐ-140 அப்ரூவ் ஆகி நான்கு மாதம்: இப்போது கம்பெனி மாறலாமா?

கேள்வி: டாலஸில் எச்-1பி விசாவில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். எச்-1பி-யின் ஆறு வருடக் கெடு முடிய எட்டு மாதம் இருக்கிறது. கம்பெனி எனக்காகப் போட்ட ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) நான்கு மாதத்துக்கு முன்தான் அப்ரூவ் ஆனது. ஈபி-2 பிரிவு, பிரையாரிட்டி டேட் (வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் தேதி) 2023 ஆகஸ்ட். இப்போது வேறு கம்பெனியில் நல்ல சம்பளத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது. மாறினால் கிரீன் கார்டு வரிசையில் என் இடம் போய்விடுமா? மனைவி எச்-4 இஏடி-யில் (எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்கான வேலை அனுமதி) வேலை பார்க்கிறார்.

பதில்: வரிசையில் இடம் போகாது. ஐ-140 அப்ரூவ் ஆனதும் அந்தத் தேதி உங்களுடையது. பழைய கம்பெனி மனுவை வாபஸ் வாங்கினாலும் அது நிற்கும், பிறகு ஈபி-3 பிரிவில் போட்டாலும் கூடவே வரும். மோசடி, லேபர் சர்டிஃபிகேஷன் (பெர்ம் எனும் தொழிலாளர் துறைச் சான்று) ரத்து, யு.எஸ்.சி.ஐ.எஸ். (அமெரிக்கக் குடியேற்றத் துறை) அப்ரூவ் செய்ததிலேயே பெரிய பிழை போன்ற காரணங்கள் இருந்தால்தான் தேதி பறிபோகும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது 180 நாள் கணக்கு. அப்ரூவ் ஆகி 180 நாள் கடந்த பின் பழைய கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அந்த ஐ-140 செல்லும். அதைக் காட்டிப் புதிய கம்பெனி ஆறு வருடத்தைத் தாண்டியும் மும்மூன்று வருடமாக எச்-1பி நீட்டிப்பு வாங்கலாம். 180 நாளுக்குள் வாபஸ் வாங்கிவிட்டால் தேதி மட்டும் மிஞ்சும், அந்த நீட்டிப்புக்கு வழி அடைபடும். மனைவியின் இஏடி-யும் அதே ஐ-140-ஐ நம்பித்தான் இருக்கிறது. மீதமுள்ள எட்டு மாதத்துக்குள் புதிய கம்பெனி பெர்ம் முடித்து ஐ-140 வாங்குவது நடக்காத காரியம்.

ஆகவே சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளிக் கேளுங்கள். அப்ரூவல் நோட்டீஸில் உள்ள தேதியிலிருந்து, சனி ஞாயிறையும் சேர்த்து எண்ணுங்கள். 180 நாள் முடியும் முன் ராஜினாமா மெயில் போகக் கூடாது. புதிய கம்பெனி காத்திருக்க மறுத்தால், ஐ-140 உயிரோடு இருக்கும்போதே நீட்டிப்போடு சேர்த்து பிரீமியம் பிராசஸிங்கில் மனுப் போட்டு, அப்ரூவல் கையில் வந்த பிறகு ராஜினாமா செய்யுங்கள். பிரீமியத்தில் 15 வேலை நாளுக்குள் யு.எஸ்.சி.ஐ.எஸ். பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் கூடுதல் ஆதாரம் கேட்டால், அதைக் கொடுத்த பிறகு கெடு புதிதாகத் தொடங்கும்.

டிரான்ஸ்ஃபருக்கு மறுபடி எச்-1பி லாட்டரி கிடையாது. புதிய கம்பெனி தொழிலாளர் துறையில் எல்.சி.ஏ. (சம்பளம், வேலை நிபந்தனை பற்றிய உறுதிமொழி) போடும், அதற்கு ஏழு வேலை நாள். பிறகு ஐ-129 எனும் எச்-1பி மனு. அது யு.எஸ்.சி.ஐ.எஸ்.-க்குப் போய்ச் சேர்ந்ததுமே புதிய இடத்தில் வேலையைத் தொடங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனாலும் உங்கள் ஐ-94 (அமெரிக்காவில் தங்கும் அனுமதிப் பதிவு) முடியும் நாள் அருகில் இருந்தால் அந்தச் சலுகையை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஐ-94 முடிந்த பிறகு மனு நிராகரிக்கப்பட்டால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும், பழைய கம்பெனிக்கும் திரும்ப முடியாது.

2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் எச்-1பி கட்டணம், அமெரிக்காவுக்குள் ஸ்டேட்டஸ் குலையாமல் இருந்து கம்பெனி மாறுகிறவருக்குப் பொருந்தாது என்று யு.எஸ்.சி.ஐ.எஸ். அடுத்த மாதமே தெளிவுபடுத்தியது. இடையில் ஸ்டேட்டஸ் விட்டுப்போய் நீட்டிப்பு மறுக்கப்பட்டால் அது வந்து சேரலாம். எனவே மனு நிலுவையில் இருக்கும்போது ஊர்ப் பயணம் வேண்டாம்.

இதற்கு முன் ஊருக்குப் போய்வந்த நாட்களைக் கணக்கெடுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே கழித்த ஒவ்வொரு முழு நாளையும் ஆறு வருடக் கணக்கில் திரும்பச் சேர்க்கலாம். பாஸ்போர்ட் முத்திரை, போர்டிங் பாஸ், ஐ-94 பயணப் பதிவு ஆகியவை ஆதாரம். இரண்டு மூன்று விடுமுறை சேர்ந்தாலே சில வாரம் தேறும், உங்கள் நிலையில் அது பெரிய உதவி.

ராஜினாமாவுக்கு முன் ஐ-140 அப்ரூவல் நோட்டீஸ், பெர்ம் நகல், எல்லா ஐ-797 (யு.எஸ்.சி.ஐ.எஸ். நோட்டீஸ்), கடைசி மூன்று பே ஸ்லிப் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் அனுபவக் கடிதம். சேர்ந்த தேதி, விலகும் தேதி மட்டும் போதாது. என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தொழில்நுட்பம் என்று பெயர் பெயராக இருக்க வேண்டும். புதிய பெர்மில் இந்த அனுபவத்தைக் காட்டக் கடிதம்தான் சான்று. விலகிய பிறகு கேட்டால் பல எச்.ஆர். துறைகள் தேதியும் பதவியும் மட்டுமே எழுதித் தரும்.

நீங்கள் இன்னும் ஐ-485 (கிரீன் கார்டுக்கான இறுதி விண்ணப்பம்) போடவில்லை. அது போட்டு 180 நாள் ஆனவர்கள் அதே வகை வேலைக்கு மாறினால் பழைய பெர்மே போதும். உங்களுக்கு அப்படியில்லை, புதிய கம்பெனி பெர்ம், ஐ-140 இரண்டையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஈபி-2 இந்திய வரிசை பத்து வருடத்துக்கு மேல் பின்தங்கியிருப்பதால் அதற்கு அவகாசம் உண்டு. இருந்தாலும் எப்போது தொடங்குவார்கள் என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். அண்மையில் ஆட்குறைப்பு நடந்ததா என்றும் கேளுங்கள். அதே பகுதியில் அதே தொழிலில் ஆட்களை நீக்கிய கம்பெனி, ஆறு மாதம் வரை அவர்களுக்குத் தகவல் சொல்லிப் பரிசீலித்த பிறகே பெர்ம் போட முடியும். பல கம்பெனிகள் அதனால் பெர்மையே நிறுத்தி வைக்கின்றன. பெர்ம் செலவை உங்களிடம் வாங்கக் கூடாது, விலகும்போது திருப்பிக் கேட்கவும் கூடாது.

உங்கள் எச்-1பி நீண்டாலும் மனைவியின் எச்-4 தானாக நீளாது. உங்கள் மனுவோடு சேர்த்தே ஐ-539 (எச்-4 நீட்டிப்பு), ஐ-765 (இஏடி) இரண்டையும் போடுங்கள். இஏடி புதுப்பிப்பு நிலுவையில் இருக்கும்போது கிடைத்துவந்த தானியங்கி நீட்டிப்பு, 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு இல்லை. பழைய கார்டு முடியும் நாளுக்குள் புதியது வராவிட்டால், வரும்வரை அவர் வேலை பார்க்க முடியாது.